வயற்கருவிகளுக்கு ஏற்ற தொலைபேசித் தொடர்பைத் தெரிவு செய்தல்

அண்மைக் காலத்தில் எமது கமக்காரர் பலர் வயலிலும் தோட்டத்திலும் சிறு மின்கருவிகளை நிறுவி வருகின்றனர். மண்ணின் ஈரத்தை அளந்து அறிவிக்கும் உணரிகள், வயலில் நிற்கும் நீரின் மட்டத்தைக் காட்டுவன, கிணற்றுப் பம்பியைக் கைத்தொலைபேசி மூலம் ஓட்டவும் நிறுத்தவும் உதவுந் தொடக்கிகள் எனப் பலவகை உள. இவற்றுட் பெரும்பாலானவை ஒரு சிம் அட்டையைத் தம்முள்ளே கொண்டு, தொலைபேசிக் கம்பனியின் கோபுரத்தினூடாகச் செய்தி அனுப்புவன. கருவியை விற்பவர் அதன் சிறப்புக்களை விரிவாகக் கூறுவர். அது எத்தொடர்பினாற் பேசுகின்றது என்பதைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றுங் கூறார். வாங்குபவரும் கேட்பதில்லை. கருவி பழுதாகி நஷ்டமடைந்தோரிலும் பார்க்க, கருவி நன்றாயிருக்கத் தொடர்பு அறுந்து நஷ்டமடைந்தோரையே நான் அதிகமாகக் கண்டிருக்கின்றேன்.

வலிகாமப் பகுதியில் நாலு பரப்புச் சின்ன வெங்காயம் நட்ட ஒருவர், பாத்தியில் ஈரமானி ஒன்றை நிறுவினார். நிறுவிய 28ஆம் நாள், மனைவியாரின் வைத்தியத்தின் பொருட்டுக் கொழும்புக்குச் செல்லவேண்டியதாயிற்று. "நான் ரெலிபோனிற் பார்த்துச் சொல்லுகிற அன்றைக்கு இறையுங்கோ" என அயலவரிடம் கூறிச் சென்றார். கருவியிலிருந்த சிம் அட்டைக்கு 30 நாட் பொதியே வாங்கப்பட்டிருந்தது. 30ஆம் நாள் இரவு அது முடிவடைந்தது. கருவி பேசுவதை நிறுத்திற்று. ஆயினும், கைத்தொலைபேசித் திரையிற் கடைசியாக வந்த "ஈரம் போதும்" என்னுஞ் செய்தி அழியாது நின்றது. அவர் நாள்தோறும் அதனைப் பார்த்துத் திருப்தியடைந்தார். செம்மண்ணில் மூன்று நாலு நாளைக்கொரு முறை இறைக்கவேண்டிய பயிர், கிழங்கு பருக்கும் பருவத்தில் ஒரு கிழமைக்கு மேல் நீரின்றிக் கிடந்தது. அவர் திரும்பி வந்தபோது தாள்கள் நுனியிலிருந்து கருகி மடிந்துவிட்டன. அக்கருவியை வாங்குமாறு அவருக்குக் கூறியவன் நானே. கருவியைப் பற்றி எல்லாம் விசாரித்த நான், சிம் அட்டையைப் பற்றி ஒரு சொல்லும் விசாரிக்கவில்லை. இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

கருவியின் வேலை யாது?

எத்தொடர்பு வேண்டும் என்பதைத் தீர்மானிக்குமுன், கருவி செய்யவேண்டிய வேலையைத் தெளிவாக அறிதல் வேண்டும். அறிவிப்பது மாத்திரம் ஒரு கருவியின் வேலையாகலாம். கட்டளை கேட்பது மற்றொன்றின் வேலையாகலாம். இவ்விரண்டிற்கும் வேண்டிய தொடர்பு வேறுவேறாகும்.

நெல்வயலை உதாரணமாகக் கொள்வோம். மாறி மாறி நனைத்துக் காயவிடும் நீர்ப்பாசன முறையில், துளையிட்ட குழாயொன்று வயலிற் பதிக்கப்படுகின்றது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி, குழாயினுள் நீர் மண்மட்டத்துக்குக் கீழ் 15 சென்ரிமீற்றர் இறங்கியதும் மீண்டும் நீர் பாய்ச்சுதல் வேண்டும். அவ்விறக்கம் ஒரு மணித்தியாலத்தில் நிகழ்வதன்று. பல நாட்களில் நிகழ்வது. ஆகவே, அக்குழாயில் வைக்கும் நீர்மட்டமானி நாளொன்றுக்கு நாலு தடவை பேசினாற் போதும். மீதி நேரமெல்லாம் அது உறங்கலாம். உறங்குங் கருவிக்கு மின் மிகச் சிறிதே வேண்டும். ஒரு சிறு பற்றரி ஒரு போகத்தையும் அதற்கு மேலுந் தாங்கும்.

பம்பித் தொடக்கியின் நிலை இதற்கு நேர்மாறானது. நிறுத்து எனக் கட்டளையிட்டால் அது சில வினாடிகளில் நிற்றல் வேண்டும். உறங்குங் கருவிக்குக் கட்டளை கேளாது. அது தானாக விழித்துக் கோபுரத்தை நாடும்போதே, காத்திருக்குஞ் செய்தி அதற்குப் போய்ச் சேரும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை விழிக்குந் தொடர்பைப் பம்பிக்குப் பூட்டினால், கிணறு வற்றியபின்னரே பம்பி நிற்கும். எனவே தொடக்கிக்கு எப்பொழுதும் விழித்திருக்குந் தொடர்பே வேண்டும். பம்பியருகில் மின்சாரம் இருப்பதனால் இதனாற் கஷ்டமில்லை.

படம் பிடித்து அனுப்புங் கருவிகளும் உண்டு. யானைக்காவலுக்கும் களவுக்காவலுக்கும் சிலர் இவற்றை விரும்புகின்றனர். இவற்றிற்கு 4ஜித் தொடர்பன்றி வேறொன்றும் ஏற்றதன்று.

தொடர்பின் வகைகள்

2ஜி எனப்படுவது பழைய முறை. கருவிகள் மலிவானவை, குரலும் குறுஞ்செய்தியும் நன்கு செல்லும். மிஸ்கோல் கொடுத்துப் பம்பியை ஓட்டுந் தொடக்கிகளுட் பல இம்முறையிலேயே இயங்குகின்றன. ஆயினும், உலகின் பல நாடுகளில் இச்சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலேயே 2ஜி மூடப்பட்டது. 3ஜியும் அவ்வாறே மறைந்து வருகின்றது. அவுஸ்திரேலியாவில் 2024ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில் அது நிறுத்தப்பட்டபோது, பண்ணைகளிலிருந்த பழைய கருவிகளையும் மாற்றவேண்டியதாயிற்று. கம்பனிகள் ஒரு முறையை மூடும்போது உங்கள் கருவியைக் கேட்டுக்கொண்டு மூடுவதில்லை. ஆதலால் 2ஜி மாத்திரம் பேசுங் கருவியை மிக மலிவாகக் கிடைத்தாலன்றி வாங்கவேண்டாம்; வாங்கினால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குரிய பொருளாக எண்ணி வாங்குக. 3ஜி மாத்திரம் பேசுங் கருவியை இனாமாகத் தந்தாலும் ஏற்கவேண்டாம்.

4ஜி முறையிற் பல தரங்கள் உள. கைத்தொலைபேசிக்கு வேண்டிய வேகம் வயற்கருவிக்கு வேண்டியதில்லை. "கற்–1" எனப்படுந் தரம் வினாடிக்கு 10 மெகாபிற்று வரை இறக்கவும் 5 மெகாபிற்று வரை ஏற்றவும் வல்லது. பம்பித் தொடக்கிக்கும் படம் அனுப்புங் கருவிக்கும் இது போதும். சாதாரண 4ஜிக் கோபுரங்களிலேயே இது இயங்குவதனால், ஊரிற் 4ஜி உள்ள இடமெல்லாம் இதனை உபயோகிக்கலாம். 4ஜி இல்லாதபோது 2ஜிக்குத் தாமாகவே மாறும் வகைகளும் விற்கப்படுகின்றன. இன்றைய நிலையில் எமது கமக்காரருட் பெரும்பாலோர்க்கு நான் சிபார்சு செய்வது இவ்வகையையே.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தல் வேண்டும். 4ஜி அடிப்படையில் தரவுக்கென அமைந்தது. அதிற் குரல் அழைப்புச் செல்வதற்கு "வோல்ரீ" என்னும் விசேஷ வசதி கருவியிலும் கம்பனியிலும் இருத்தல் வேண்டும். மிஸ்கோலால் இயங்குந் தொடக்கியை 4ஜிக் கருவியாக வாங்குவோர், அவ்வசதி உண்டா எனக் கேட்டறிந்தே பணங் கொடுக்க வேண்டும்.

என்.பி. ஐ.ஓ.ரி. என்பது இத்தகைய சிறு கருவிகளுக்கென்றே 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறை. வேகம் மிகக் குறைவு. ஆனால், 2ஜித் தரவுச் சேவையினும் 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு நலிந்த சமிக்ஞையையும் பற்றிக்கொள்ளத்தக்கதாக அது அமைக்கப்பட்டுள்ளது. நீண்டநேரம் உறங்கவும் அது இடமளிக்கும். நீர்மட்டமானிக்கும் ஈரமானிக்கும் இதனிலும் பொருத்தமானது வேறில்லை. பம்பிக்கு இது ஏற்றதன்று. எல்.ரி.ஈ.–எம் என்னும் முறை இதற்கும் கற்–1க்கும் இடைப்பட்டது. இவ்விரண்டும் உங்கள் ஊர்க் கோபுரத்தில் உண்டா என்பதைக் கம்பனியிடமே கேட்டறிதல் வேண்டும். கைத்தொலைபேசியிற் சிக்னல் காட்டுவது இதற்குச் சான்றாகாது.

வெளிநாட்டிலிருந்து தபால் மூலம் கருவி வரவழைப்போர் மீடிறனையும் பார்க்க வேண்டும். எமது நாட்டில் 2ஜி 900, 1800 மெகாஹேர்ட்ஸ் மீடிறன்களில் நடைபெறுகின்றது. அமெரிக்காவில் அது 850, 1900 மெகாஹேர்ட்ஸில் அமைந்தது. அங்கு விற்பதற்கெனச் செய்த கருவி இங்கே ஊமையாகலாம். 4ஜிக் கருவியாயின், 1800 மெகாஹேர்ட்ஸ், அதாவது "பாண்ட் 3" அதில் உண்டா எனப் பார்க்கவும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற கருவியா எனவும் விற்பவரிடம் வினவுதல் நன்று.

நிறுவும் இடத்திற் சமிக்ஞையை அளத்தல்

"எங்கள் வீட்டில் அந்தக் கம்பனிதான் நல்லாய் எடுக்கும்" என்று பலர் கூறுவர். கருவி வீட்டில் இருக்கப்போவதில்லை. வீட்டுக்கும் வயலுக்கும் இடையே அரை மைல் இருந்தாற் போதும், நிலைமை முற்றாக மாறிவிடும். சாதாரண சிம் அட்டை தன் கம்பனியின் கோபுரத்தையே நாடும்; மற்றக் கம்பனியின் கோபுரம் வரம்போரத்தில் நின்றாலும் அது உதவாது. ஆதலால், கம்பனியைத் தெரிவுசெய்யுமுன் கருவி நிற்கப்போகும் அதே இடத்திற் பரீட்சித்தல் அவசியம்.

இதற்கு விலையுயர்ந்த ஆயுதம் எதுவும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசி ஒன்றும், வெவ்வேறு கம்பனிகளின் சிம் அட்டைகளும் போதும். அயலவரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கலாம். தொலைபேசியின் அமைப்புப் பகுதியில், நீங்கள் வாங்க எண்ணியுள்ள கருவியின் வகைக்கேற்ப 2ஜி அல்லது 4ஜி என முதலில் மாற்றுக. பின்னர், "தொலைபேசி பற்றி" என்னும் பகுதியிலுள்ள சிம் நிலைப் பக்கத்தைத் திறந்தால், பல தொலைபேசிகளில் சமிக்ஞையின் பலம் டி.பி.எம். என்னும் அளவிற் காட்டப்படும். திரையின் மேலுள்ள கோடுகளை நம்பவேண்டாம். அவை ஒவ்வொரு தொலைபேசியிலும் ஒவ்வொரு விதம்.

இவ்வெண் எப்பொழுதும் கழித்தற் குறியுடன் வரும். கடன் கணக்கைப் போல இதனை விளங்கிக்கொள்ளலாம்: கடன் குறைவாயின் நன்மை. -85 நல்லது, -100 பரவாயில்லை, 4ஜியில் -110இலும் கீழே போனால் கருவி அடிக்கடி தடுமாறும், -120 எனக் காட்டும் இடத்திற் கருவியை நிறுவுதல் வீண். வாங்கிய கருவியே சமிக்ஞையை 0 முதல் 31 வரையுள்ள எண்ணாற் காட்டுவதும் உண்டு. அதில் 10இற்குக் குறைந்தால் ஐயத்துக்கிடமானது. 99 எனக் காட்டினால் மகிழவேண்டாம். அளவு தெரியவில்லை என்பதே அதன் பொருள்.

காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் அளந்து எழுதிக்கொள்க. இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், ஊரார் யாவரும் தொலைபேசியிற் படம் பார்க்கும் வேளையில், சமிக்ஞை நன்றாயிருந்தும் செய்தி தாமதிக்கக்கூடும். அந்நேரத்தில் ஒரு சிறு செய்தியை அனுப்பிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

மேலும், உழுது கிடக்கும் வயலில் அளந்த அளவு, பயிர் வளர்ந்தபின் நிலையாது. நீர் நிறைந்த பச்சை இலை வானொலி அலையை விழுங்கும். முழங்காலளவில் நிறுவிய அன்ரனா, நெல் குடலைப் பருவத்தை அடையும்போது பயிருக்குள் மறைந்துவிடும். பயிரின் நீர்த் தேவையைக் கவனமாகப் பார்க்கவேண்டிய பருவமும் அதுவே என்பதை மறத்தலாகாது. ஆகவே, அன்ரனாவைப் பயிரின் முழு வளர்ச்சிக்கும் மேலாக, நிலத்திலிருந்து 6 அல்லது 8 அடி உயரத்தில் நாட்டுக. வாழைத் தோட்டத்தில் இன்னும் உயர்த்த வேண்டும். கிணற்றினுள் அன்ரனாவை வைத்தலும், இரும்புப் பெட்டியினுள் வைத்துப் பூட்டுதலும் அறவே கூடா. களவுக்கு அஞ்சி இரும்புப் பெட்டி செய்பவர்கள் அன்ரனாவை மாத்திரமாவது வெளியே எடுத்துவிட வேண்டும்.

அன்ரனாவை உயர்த்தும்போது பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. கருவியைக் கீழே வைத்து, மெல்லிய அன்ரனாக் கம்பியை நீளமாக இழுத்துச் செல்கின்றனர். அவ்வகைக் கம்பி 900 மெகாஹேர்ட்ஸில் மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல் வீதம் சமிக்ஞையைத் தின்னும். 10 மீற்றர் சென்றபின் பத்திலொரு பங்கே மிஞ்சும். உயர்த்தியதன் பயன் கம்பியிலேயே போய்விடும். கருவியையே கம்பத்தின் உச்சியில் வைத்து, மண்ணிலுள்ள உணரிக்குச் செல்லும் கம்பியை நீளமாக்குதலே முறையாகும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல் அதிகமாதலால், வெளியான வயலில் நாட்டிய இரும்புக் கம்பத்துக்கு நிலத்தொடுப்புச் செய்தல் வேண்டும். மழை இருட்டும்போது அக்கம்பத்தின் அருகே எவரும் நிற்றலாகாது.

சிம் அட்டையும் ரீலோட்டும்

வயற்கருவிக்கு எவ்வளவு தரவு வேண்டும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஈரமானி அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை பேசுமாயின், நாளொன்றுக்கு 48 செய்தி. செய்தியின் உள்ளடக்கம் 200 பைற்று மாத்திரமேயாயினும், முகவரி முதலியவற்றையுஞ் சேர்த்து ஒரு கிலோபைற்று எனக் கொள்வோம். நாளுக்கு 48 கிலோபைற்று. 30 நாளைக்கு ஒன்றரை மெகாபைற்றிலுங் குறைவு. ஒவ்வொரு முறையும் பாதுகாப்புக் கைகுலுக்கல் செய்து புதிதாகத் தொடர்புகொள்ளுங் கருவியாயின், செய்தியொன்றுக்கு ஐந்து கிலோபைற்றாகலாம். அப்போதும் மாதத்துக்கு ஏழு மெகாபைற்றுச் சொச்சமே. மணிக்கொரு படமாக, 200 கிலோபைற்றுப் படங்களை அனுப்பினாலும் மாதத்துக்கு 144 மெகாபைற்றுத்தான். பிள்ளைகள் தொலைபேசியில் ஒரு மணிநேரம் படம் பார்ப்பதற்கு இதிலும் அதிகம் செல்லும்.

எனவே, பெரிய தரவுப் பொதிக்குப் பணங் கொடுப்பது வீண் செலவு. பணங் கொடுக்கவேண்டியது நீண்ட செல்லுபடிக்காலத்துக்கே. முற்பணச் சிம் அட்டை குறித்த காலத்துள் ரீலோட் செய்யப்படாவிடின் முதலில் வெளிச்செல்லுஞ் சேவை நிற்கும். பின்னர் இலக்கமே நீக்கப்படலாம். கைத்தொலைபேசியாயின் நாம் உடனே அறிந்துகொள்வோம். வயலில் நிற்குங் கருவி நமக்கு முறையிடாது. ஆகவே, ஓராண்டுப் பொதி கிடைக்குமாயின் அதனையே வாங்குக. அல்லது, மாதக் கட்டண முறையில் எடுத்து வீட்டுத் தொலைபேசிக் கணக்குடன் சேர்த்துச் செலுத்துக. கருவிகளுக்கென விசேஷ சிம் அட்டைகளைக் கம்பனிகள் வழங்குகின்றனவா எனவும் கேட்கலாம். இவையொன்றும் இயலாதவிடத்து, போகம் முழுவதுக்குமான ரீலோட் நாட்களைப் பஞ்சாங்கத்திற் குறித்து, வீட்டிலுள்ள ஒருவரைப் பொறுப்பாக்குக. பொறுப்பாளர் வயலுக்குச் செல்பவராக இருக்கவேண்டியதில்லை. பெரும்பாலும் பாடசாலை செல்லும் மகளே இதனை நன்றாகச் செய்வாள்.

சிம் அட்டை கமக்காரரின் சொந்த அடையாள அட்டையிற் பதியப்பட்டிருத்தல் வேண்டும். விற்பவரின் பெயரில் பதிந்த அட்டையுடன் கருவியை வாங்கினால், அவர் கடையை மூடும் நாளில் உங்கள் கருவியும் மூடும். அட்டையைக் கருவியிற் போடுமுன், கைத்தொலைபேசியில் இட்டு அதன் இரகசிய இலக்கப் பூட்டை நீக்கிவிடுக. பூட்டிய அட்டையுடன் கருவி என்றும் விழிக்காது. விளம்பரக் குறுஞ்செய்திகளையும், நாட்கட்டணங் கழிக்கும் பாட்டுச் சேவை முதலியவற்றையும் நிறுத்துவித்தல் வேண்டும். மீதிப் பணம் தானாகக் கரைகின்றது எனப் பலர் முறையிடுவதற்கு இவையே காரணமாயிருக்கக் கண்டிருக்கின்றேன்.

மிஸ்கோலாலோ குறுஞ்செய்தியாலோ இயங்குந் தொடக்கியாயின், யார் அழைத்தாற் பம்பி ஓடும் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்க. பதிவு செய்யாத தொடக்கி, பிழையான இலக்கத்துக்கு அழைக்கும் எவருக்கும் பணிந்துவிடும். இருவர் அல்லது மூவர் இலக்கமே போதும்.

மின்வலு

2ஜிக் கருவி செய்தி அனுப்புங் கணத்தில் 2 அம்பியர் வரை மின்னை இழுக்கும். அக்கணம் வினாடியின் மிகச் சிறு பங்கேயாயினும், அதனைக் கொடுக்கமாட்டாத பற்றரியோ மின்மாற்றியோ இருந்தால் கருவி மயங்கி மீண்டும் புதிதாகத் தொடங்கும். "அனுப்பப் போகும்போதெல்லாம் அணைந்து எரிகின்றது" என்று முறையிடும் கருவிகளுட் பெரும்பாலானவற்றின் நோய் இதுவே; சிம் அட்டையை மாற்றுவதால் இது தீராது. 4ஜி, என்.பி. ஐ.ஓ.ரி. கருவிகளுக்கு இவ்வளவு வேண்டியதில்லை.

சமிக்ஞை நலிந்த இடத்திற் கருவி தன் முழுப் பலத்துடன் கூவவேண்டியிருப்பதனாற் பற்றரியும் விரைவில் இறங்கும். ஆகவே, அன்ரனாவை நன்றாக நிறுவுதல் பற்றரிக்குஞ் செய்யும் உதவியாகும். சூரிய மின்தகடு பூட்டுவோர், மாரியில் ஒரு கிழமை மப்பாயிருப்பினுந் தாங்கும் பற்றரியை வைத்தல் வேண்டும். கோடையில் நிறுவிப் பார்த்துத் திருப்தியடைந்த பலர், மார்கழியிற் கைவிடப்படுகின்றனர்.

பல கருவிகள் வேண்டிய இடத்து

நாலைந்து கருவிகள் வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிம் அட்டை வைத்தலே இலகு. ஒரு வாய்க்காலின் கீழுள்ள வயல்களுக்கெல்லாம் நீர்மட்டமானி வைக்கக் கமக்காரர் அமைப்பொன்று விரும்பினால், இருபது முப்பது சிம் அட்டைகளைப் பராமரித்தல் பெருஞ் சுமையாகும். அங்கே "லோரா" என்னும் முறை உதவும். உணரிகள் சிம் அட்டையின்றியே, வெளியான வயலிற் சில கிலோமீற்றர் தூரம் பேச வல்லன. அவை யாவற்றையுங் கேட்கும் வாயிற்கருவி ஒன்றை, மின்சாரமுள்ள ஓர் அங்கத்தவரின் வீட்டில் உயரமாக நிறுவி, அதற்கு மாத்திரம் ஓர் இணையத் தொடர்பைக் கொடுத்தாற் போதும். மாதச் செலவு ஒன்றே. அதனை அமைப்பின் பணத்திலிருந்து செலுத்தலாம். அவ்வொரு தொடர்பு அறுந்தால் முப்பது வயலும் ஒருங்கே ஊமையாகும் என்பதும் உண்மை. ஆதலால், வாயிற்கருவிக்கு இரண்டு கம்பனிகளின் சிம் அட்டைகளைப் போடக்கூடிய வகையைத் தெரிக. உணரிகளின் மீடிறன் இந்நாட்டில் அனுமதிக்கப்பட்டதா என்பதை வாங்குமுன் உறுதிசெய்தல் வேண்டும்.

தொடர்பு அறும்போது

எக்கம்பனியாயினும், எம்முறையாயினும், தொடர்பு சில வேளைகளில் அறுந்தே தீரும். 2022ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததையும், 2025ஆம் ஆண்டு மாசி மாதம் 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதையும் எவரும் மறந்திரார். கோபுரங்களிலும் பற்றரிகளே உள. மின்வெட்டு நீண்டால் அவையும் இறங்கும்.

எனவே, பயிரின் உயிரையும் பம்பியின் உயிரையும் தொடர்பின் கையில் விட்டுவிடலாகாது. பம்பித் தொடக்கிக்குக் கூடிய ஓட்ட நேரம் ஒன்று கருவியிலேயே குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கட்டளை வராவிடினும், உதாரணமாக இரண்டு மணித்தியாலத்தின்பின் அது தானாக நிற்கவேண்டும். கிணறு வற்றி நீரின்றி ஓடும்போது நிறுத்தும் பாதுகாப்பும் கருவியினுள்ளேயே இருத்தல் அவசியம். தொலைபேசியிலிருந்து நிறுத்தலாம் என்னும் நம்பிக்கையில் இவ்விரண்டையுந் தவிர்த்தவர்கள், எரிந்த மோட்டருக்குக் கம்பி சுற்றுவித்த செலவை என்னிடங் கூறியிருக்கின்றனர். மின்சாரம் போய் வந்தபின் பம்பி தானாக ஓடத் தொடங்குமா, கட்டளைக்குக் காத்திருக்குமா என்பதையும் கேட்டறிக. கிணற்றுப் பம்பிக்குக் காத்திருத்தலே பாதுகாப்பானது.

அறிவிக்குங் கருவிகளிலோ, திரையிலுள்ள எண்ணைப் பார்க்குமுன் அது வந்த நேரத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். குறித்த நேரத்துள் செய்தி வராவிடின் தொலைபேசி தானாக எச்சரிக்கும் வசதி பல மென்பொருட்களில் உண்டு; நிறுவும் அன்றே அதனை இயக்கிவிடுக. மேலே கூறிய வெங்காயத் தோட்டக்காரர் அடுத்த போகத்தில் ஓராண்டுப் பொதி வாங்கியதுடன், மூன்று மணித்தியாலம் செய்தி வராவிடின் தம்முடைய தொலைபேசியும் அயலவரின் தொலைபேசியும் ஒலிக்குமாறு செய்துள்ளார். அயலவருக்கும் இப்பொழுது, "செய்தி வராவிட்டால் நீங்களே மண்ணைத் தோண்டிப் பாருங்கோ" என்றே சொல்லி வைத்திருக்கின்றார்.

கருவியை வாங்குமுன், விற்பவர் முன்னிலையிலேயே சிம் அட்டையைக் கழற்றிவிட்டு, பம்பி ஓட்டத்தில் இருக்கும்போது என்ன நிகழ்கின்றது எனப் பார்க்கக் கேளுங்கள். இதற்கு இணங்காதவரிடம் வாங்கவேண்டாம். நிறுவியபின், சிம் இலக்கம், கம்பனி, பொதி முடியுந் திகதி, அளந்த சமிக்ஞை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியினுட்புறத்தில் ஒட்டிவைக்க. தெரிவிற் சந்தேகமுள்ளவர்கள், மூன்று வேளையும் அளந்த எண்களை எழுதிக்கொண்டு தங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம்.